சாட்டையும் சிரிப்பும்

உளுந்தூர்பேட்டையில் பேனர் அடிக்கிற கடை ஒன்றில் நடந்தது இது. சென்னைச் சாலையும் திருச்சிச் சாலையும் சேலம் சாலையும் வந்து சேர்கிற ஊர் என்பதால் கட்சிக்காரர், கல்யாண வீட்டுக்காரர், கருமாதி வீட்டுக்காரர் எல்லோருக்கும் இங்கேதான் பிளக்ஸ். இப்போது கேன்வாஸ் துணியிலும் படம் அச்சடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தருகிறார்கள். புதுவீடு கட்டியவர்கள் கூடத்தில் மாட்ட வாங்கிப் போகிறார்கள். கடைச் சுவரில் மாதிரிக்கு நாலைந்து தொங்குகின்றன. ஒரு நீர்வீழ்ச்சி, ஓடுகிற ஏழு குதிரை, ஒரு புத்தர் தலை. கூடவே ஒரு பழைய வெள்ளைக்காரப் படம். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு பேர், ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. நடுவில் தட்டின்மேல் உலக உருண்டை ஆவி பறக்க இருக்கிறது. இரண்டு பேரும் கத்தியும் முள்கரண்டியுமாக அதை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்காரருக்கு அது என்ன படம் என்று தெரியாது. 'நெட்ல கெடந்துச்சு சார். பழசா இருந்தா டாக்டருங்க, வக்கீலுங்க கேட்டு வாங்குறாங்க' என்றார்.

நான் போனது வேறு படத்துக்காக. எங்கள் காலனியில் சாயங்காலப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். ஏப்ரல் 14 அன்று பிள்ளைகளோடு பேசுவதற்காக, 1949இல் சங்கர் வரைந்த அந்தக் கார்ட்டூனைப் பெரிதாக அச்சடிக்க வேண்டியிருந்தது. பென் டிரைவை வாங்கிச் செருகிய பையன் நம்ம பையன்தான், பக்கத்துச் சேரி. படம் திரையில் விரிந்ததும் கையை எடுத்துவிட்டான்.

'இத நான் போட மாட்டண்ணா.'

'ஏம்ப்பா?'

'நம்ம தலைவருக்குப் பின்னால சாட்டைய ஓங்கிகிட்டு நிக்கிறாங்க. அத நானே பெருசு பண்ணிக் குடுக்கணுமா?'

'அதோ, அந்தப் படத்துல ரெண்டு பேரு உலகத்தையே வெட்டித் துன்றானுங்க. அத மட்டும் போட்டிருக்க?'

'அவனுங்கதான் செத்துட்டானுங்களேண்ணா.'

அம்பேத்கரும் நேருவும்கூடச் செத்துப்போனவர்கள்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவன் ஆட்களின் சாவைப் பற்றிப் பேசவில்லை என்பது அதற்குள் உறைத்துவிட்டது. வேறு ஏதோ ஒன்று செத்ததையும் சாகாததையும் பற்றிப் பேசுகிறான். அது என்ன என்று யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சுவரில் இருந்த படம். அதை வரைந்தவர் ஜேம்ஸ் ஜில்ரே என்கிற ஆங்கிலேயர். செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து, மை பூசித் தாளில் ஒற்றி, அப்புறம் கையால் வண்ணம் தீட்டுகிற முறை. 1805 பிப்ரவரியில் வெளியானது. நெட்டையன் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட். குட்டையன் நெப்போலியன். உருண்டை அவர்கள் ஊர் கிறிஸ்துமஸ் புட்டிங். பிட் கடலை வெட்டுகிறார், நெப்போலியன் ஐரோப்பாவை வெட்டுகிறார். ஜில்ரேயின் படங்கள் லண்டனில் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண்மணியின் கடைச் சன்னலில் வைக்கப்படும். வாங்கக் காசில்லாதவர்கள் தெருவில் கூட்டமாக நின்று பார்த்துச் சிரிப்பார்கள். ராஜாவையும் மந்திரியையும் தெருவில் நின்று பார்த்துச் சிரிப்பது சின்ன விஷயம் அல்ல. அந்த மரியாதையை ஜில்ரேவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதே ஜில்ரே 1797 முதல் அரசாங்கத்திடம் ஆண்டுக்கு 200 பவுண்டு உதவிப்பணமும் வாங்கியிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேலி செய்கிற கைக்கும் படியளக்கிறவர் உண்டு.

இந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது நம் தென்னார்க்காடும் அதோடு போனது. படம் வந்தது நாலு வருஷம் கழித்து. ஆக, மேசையில் ஆவி பறக்கிற அந்தப் பண்டத்தில் உளுந்தூர்பேட்டையும் இருக்கிறது. நாம் தின்கிறவர்களும் இல்லை, சன்னலில் பார்த்துச் சிரிக்கிறவர்களும் இல்லை, தின்னப்படுகிற உருண்டை. ஆனாலும் இன்றைக்கு அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியவில்லை. பையனுக்கும் எரியவில்லை. அந்தக் கத்தி கீழே வைக்கப்பட்டுவிட்டது. வேறு கத்திகள் வந்திருக்கலாம். பிட்டின் கையில் இருந்த அந்தக் கத்தி இன்று வெறும் கோடு, அதனால்தான் அது அலங்காரப் பொருளாகக் கூடத்தில் தொங்க முடிகிறது.

இதே ஜில்ரே 1791இல் இன்னொரு படம் செதுக்கினார். மேற்கிந்தியத் தீவின் கரும்புத் தோட்டம். பாகு கொதிக்கிற பெரிய கொப்பரைக்குள் ஒரு கறுப்பு அடிமையைத் தள்ளி அமுக்குகிறான் கங்காணி. அடிமை வணிக ஒழிப்புக்கான விவாதத்தின்போது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட ஒரு கொடுமையை வைத்து வரைந்தது. பரிதாபமா பரிகாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்கிறது அந்தப் படம். கரும்பு வெட்டி, ஆலையாட்டி, வெல்லம் காய்ச்சுகிற நம் பக்கத்து ஆட்களுக்குக் கொப்பரைச் சூடு என்னவென்று தெரியும். அந்தப் படத்தைக் கேன்வாஸில் அடித்துக் கூடத்தில் மாட்டச் சொல்லுங்கள். கைதான் வருமா? புட்டிங் படத்தைவிடப் பதினான்கு வருஷம் பழையது அது. வயதை வைத்துப் பார்த்தால் அதுதான் அதிகம் 'வரலாறு' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் கறுப்புத் தோலின்மீது இறங்குகிற கை இன்னும் ஓயவில்லை.

இப்போது சங்கரின் படத்துக்கு வருவோம். 1949 ஆகஸ்ட் 28 தேதியிட்ட சங்கர்ஸ் வீக்லியில் வந்தது. அரசியல் சட்டம் என்று எழுதிய நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு சாட்டை. பின்னால் நேரு, அவர் கையிலும் ஓங்கிய சாட்டை. சுற்றிலும் ஜனக்கூட்டம் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. அரசியல் சட்டம் நத்தை வேகத்தில் நகர்கிறது என்பது கேலி.

நகர்ந்தது நத்தையா? வரைவுக்குழு அமைக்கப்பட்டது 1947 ஆகஸ்ட் 29இல். படம் வந்த நாளுக்கு இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. அந்தக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் சமஸ்தான வேலைகளில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் உடம்பு சரியில்லாமல் டெல்லிக்குத் தொலைவில் இருந்தார்கள். கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் நம்ம ஆள் இல்லை, ஆனாலும் சொன்னார். சபையின் முன் வந்த திருத்தங்கள் 7,635. அதில் முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்டவை 2,473. கனடாவுக்கு 2 வருஷம் 5 மாதம் ஆனது, ஆஸ்திரேலியாவுக்கு 9 வருஷம் ஆனது, அவர்கள் சட்டங்களோ நம்முடையதைவிடச் சிறியவை என்று 1949 நவம்பர் 25இல் அம்பேத்கரே கணக்குச் சொல்லிவிட்டுத்தான் விடைபெற்றார். ஒரு தீண்டத்தகாதவர் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டு, ஏழு பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்த நேரத்தில், 'சோம்பேறி, ஓட்டு' என்று ஒரு படம் வருகிறது. பண்ணையில் நாம் காலங்காலமாகக் கேட்ட அதே சொல். வேலை செய்கிறவனுக்குச் சோம்பேறிப் பட்டம், மேற்பார்வை பார்க்கிறவன் கையில் சாட்டை.

சாட்டை என்பது எல்லோருக்கும் ஒரே பொருள் அல்ல. தில்லிப் பத்திரிகை வாசகனுக்கு அது வண்டிக்காரன் கைப்பொருள், 'சீக்கிரம்' என்பதற்கான அடையாளம். தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கு அது சவுக்கடி, அதற்கு ஜோடி சாணிப்பால். அந்தப் பண்ணையாட்களைப் பாதுகாக்க என்று ஒரு சட்டம் வந்ததே 1952இல்தான். சங்கரின் படம் வந்து மூன்று வருஷம் கழித்து. படம் வரையப்பட்ட அன்று இந்த நாட்டில் சாட்டை உருவகமாக ஆகியிருக்கவில்லை. அடி வாங்கிய முதுகுகள் உயிரோடு இருந்தன.

'சங்கர் நேருவையும்தான் கேலி செய்தார், நேரு சிரித்தாரே' என்பார்கள். உண்மை. நேருவால் சிரிக்க முடிந்தது. நேருவைக் கேலி செய்தால் நேரு என்கிற ஒரு மனிதர் கேலி செய்யப்படுகிறார். அதனால் எந்த ஊரிலும் எந்தப் பண்டிதர் வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் தலைகுனிய வேண்டியதில்லை. அம்பேத்கர் படத்திலிருந்து இறங்கி நடந்தால் அவரோடு ஒரு சேரியே நடக்கிறது. உன்னமதி சியாம சுந்தர் 1932இலிருந்து 1956வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட அம்பேத்கர் கார்ட்டூன்களைத் தொகுத்து 2019இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் 'ஒரு ஜோக்தானே' என்று தோன்றும். வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஜோக்குகள் ஒரு பார்வையாகத் திரண்டுவிடுகின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது வரைந்தவரைப் பற்றி மட்டும் அல்ல. சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பற்றி. அந்தக் கூட்டத்தில் நான் நின்றிருக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், உதவித்தொகைப் படிவத்தோடு வாத்தியார் வந்தார். 'கவர்மெண்ட் மாப்பிள்ளைங்கல்லாம் எந்திரிங்கடா' என்றார். வகுப்பே சிரித்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றோம். அந்த வார்த்தை இன்றுவரை எனக்கு வலிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். வலிப்பது வேறு. எழுந்து நின்ற நானும் சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு, 'சார் நல்லா ஜோக் அடிக்கிறாரு' என்கிற முகத்தோடு. சிரிக்காமல் நின்றவன் ஒருத்தன் மட்டும். அவனைப் பார்த்து வாத்தியார், 'ஏன்டா மூஞ்சத் தூக்கி வச்சிகிட்டிருக்க? ஒரு வெளையாட்டுக்குச் சொன்னா தாங்காதா?' என்றார். அதற்கும் வகுப்பு சிரித்தது. அதற்கும் நான் சிரித்தேன்.

கேலியின் அதிகாரம் இதுதான் என்று நினைக்கிறேன். திட்டு நம்மைத் தள்ளி நிறுத்தும், திருப்பித் திட்டலாம். கேலி நம்மைக் கூட்டத்துக்குள் கூப்பிடும். நம்மை நாமே பார்த்துச் சிரித்தால் உள்ளே வரலாம். சிரிக்க மறுத்தால் ரசனை இல்லாதவன், சகிப்பு இல்லாதவன், முரடன். முதல் அடி கேலி, இரண்டாவது அடி 'கேலியைத் தாங்காதவன்' என்கிற பட்டம்.

2012இல் இது நாடு தழுவிய அளவில் நடந்தது. 2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு அரசியல் புத்தகத்தில் சங்கரின் படம் இருந்தது. மே 11 அன்று மக்களவையில் தொல். திருமாவளவன் பிரச்சினையைக் கிளப்ப, சபை கொந்தளித்தது. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். புத்தகத்தின் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்சிகரும் விலகினார்கள். மறுநாள் புனேயில் பல்சிகரின் அறை அடித்து நொறுக்கப்பட்டது. அது தவறு, அன்றும் தவறு, இன்றும் தவறு. அதையே சாக்காக வைத்துக்கொண்டு 'இவர்களுக்குப் பகடி புரியாது' என்று தீர்ப்பு எழுதப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைக் கேலி செய்யும் ஆர்.கே. லட்சுமணின் கார்ட்டூன் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதாகத் தமிழ்நாட்டுத் தலைவர்கள் எல்லோரும் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. நம் கோபத்தில் மட்டும் அதைக் காண முடியாமல் போனது எப்படி?

அப்போது நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன், விடுதியில் இருந்தேன். அறை நண்பன் 'அந்தப் படத்தக் கிழிச்சி எறியணும்' என்றான். நான் 'பாபாசாகேப் விமர்சனத்துக்குப் பயந்தவரா?' என்று வாதம் பண்ணினேன். கருத்துச் சுதந்திரம், பகடி, பன்முக வாசிப்பு என்று அப்போதுதான் படித்த சொற்களையெல்லாம் அள்ளி வீசினேன். நண்பன் கடைசியில் ஒன்று கேட்டான்: 'இத யாருக்காகப் பேசுற?' இப்போது பதில் தெரிகிறது. பதினொன்றாம் வகுப்பில் பல்லைக் காட்டியவன்தான் விடுதியிலும் பேசினான். ரசனை இல்லாதவன் என்று பெயர் வாங்கப் பயம்.

அப்படியானால் நான் சொன்ன முடிவு தவறா? இங்கேதான் சிக்கல். பயத்தில் சொன்னதாலேயே ஒரு கருத்து தவறாகிவிடாது. புத்தகங்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் போட்ட குழு பல கார்ட்டூன்களை நீக்கச் சொன்னபோது, அதிலிருந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் மாறுபட்ட குறிப்பை எழுதினார். பார்ப்பனர் அல்லாதார் அரசியலைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர். அவரை ஆதிக்கத்தின் ஆள் என்று தள்ள முடியாது. அந்தப் பாடத்திலும் அண்ணலை இழித்து ஒரு வரி இல்லை. ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று மாணவர்களை யோசிக்கத்தான் சொன்னார்கள். இன்னொன்று: அரசியலில் பக்தி சீரழிவுக்கு வழி, அது சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று அதே நவம்பர் 25 உரையில் எச்சரித்தவர் அம்பேத்கர். அவரைக் கேலிக்கு அப்பாற்பட்ட சாமியாக்குவது அவருக்கே செய்கிற துரோகம்.

ஆனால் அவர் சிலைகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்! பக்தியினால் நாம் கட்டிய கர்ப்பக்கிரகமா அது? தலையை உடைப்பார்கள், செருப்பு மாலை போடுவார்கள் என்பதால் வைத்த கூண்டு. சிலைக்கே பாதுகாப்பு இல்லாத நாட்டில் படத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். 1978இல் விழுப்புரத்தில் 12 பேரைக் கொன்றார்கள். அது பழசு என்பீர்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. 2023 ஜனவரியில் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து எடுத்தவாய்நத்தத்தில் நம் ஜனங்கள் போலீஸ் காவலோடுதான் பெருமாள் கோயிலுக்குள் போக முடிந்தது. கடைப் பையன் சொன்னது இதைத்தான். பிட்டும் நெப்போலியனும் செத்தார்கள், அவர்கள் மேசையும் கலைந்தது. இங்கே ஆட்கள் மட்டும் செத்திருக்கிறார்கள். கேலிச் சித்திரத்தை வரலாறாக்குவது வருஷக் கணக்கு அல்ல. அதிலுள்ள சாட்டை நிஜத்தில் கீழே வைக்கப்பட்ட நாளில்தான் அது வரலாறாகிறது.

அதனால் எனக்குப் பட்டது இது. படம் அழியக் கூடாது. அழித்தால் சிரித்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். நம் சாட்சியம் போய்விடும். ஆனால் நாற்பது பேர் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளையின் முன்னால் அதை விரித்துவைத்து, 'ரசி' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 'இது வலிக்கிறது' என்று சொல்வது விமர்சனத்துக்கு எதிரி இல்லை, அதுவே விமர்சனம்தான்.

இதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லி முடித்தால் நான் நேர்மையானவன் இல்லை. நம் தெருவில் சிரிப்பு இல்லையா? கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைக் கட்டியம் கூறிக்கொண்டே கவிழ்ப்பான். விடிய விடிய அதை ரசித்து வளர்ந்தவர்கள் நாம். அதே கட்டியக்காரன் பெண்களைச் சொல்லும்போதும் சிரித்தோம். புதிரை வண்ணார் வீட்டுப் பையன் கூட்டத்துக்கு வந்தால் நமக்குள் பார்த்துக்கொள்கிற பார்வையும் சிரிப்பும் யாருடையது? அங்கே நாம் நத்தைமேல் இல்லை. கூட்டத்தில் நிற்கிறோம். அந்தப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் 'வெளையாட்டுக்குச் சொன்னா தாங்காதா' என்று கேட்கிறோம்.

கடைசியில் படத்தைக் கடைக்காரரே அடித்துக் கொடுத்தார். பையனை வற்புறுத்தவில்லை. சட்டம் போடாமல் வெறும் துணியாகச் சுருட்டி வாங்கி வந்தோம். ஏப்ரல் 14 சாயங்காலம் படிப்பகத்தில் விரித்துப் பிடித்தோம். வரைவுக்குழுக் கதை, 7,635 திருத்தங்கள் எல்லாம் சொன்னோம். வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். கழனி வேலையில் முதுகு வளைந்தவள், எழுத்து தெரியாது. அம்பேத்கரைத் தெரிந்தது. மற்றவரைத் தெரியவில்லை. சாட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

'சுத்தி நிக்கிறவங்கல்லாம் எதுக்குச் சிரிக்கிறாங்க?' என்றாள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள், 'நத்த மெதுவாப் போவுதாம் ஆயா, அதுக்கு.'

ஆயா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவர நத்த மேல ஏத்தி வுட்டது யாரு?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

துணியைச் சுவரில் மாட்டவில்லை. சுருட்டிப் பீரோவில் வைத்திருக்கிறோம். கேட்கிறவர்களுக்கு எடுத்து விரித்துக் காட்டுகிறோம், ஆயாவின் கேள்வியோடு சேர்த்து.